சிகிச்சையில் தவறு நடந்துவிட்டதா? வழக்கறிஞரிடம் போகுமுன் இதைப் படியுங்கள்

அம்மாவுக்கு மணிக்கட்டில் ஒரு சின்ன அறுவைச் சிகிச்சை. "கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்றார்கள். ஆறு மாதம் ஆகிவிட்டது, கட்டைவிரலில் இன்னும் உணர்ச்சி வரவில்லை. தேக்காவில் பூக்கட்டுபவர் அவர். இப்போது நூலைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால், இப்படி ஒன்று நம் வீட்டில் நடந்தால் முதலில் வரும் கேள்வி, "கேஸ் போடலாமா?" அதற்குச் சிங்கப்பூர்ச் சட்டம் என்ன பதில் சொல்கிறது? பார்ப்போம்.

விளைவு மோசம் என்றால் அது கவனக்குறைவா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. எல்லாம் சரியாகச் செய்தும் சில சிகிச்சைகள் பலன் தராமல் போகலாம். மருத்துவக் கவனக்குறைவு என்று நிரூபிக்க இவை எல்லாமே தேவை:

- மருத்துவருக்கு உங்கள்மீது கவனமாக இருக்கவேண்டிய கடமை இருந்தது. நீங்கள் அவருடைய நோயாளி என்றால் இதில் பெரும்பாலும் தகராறு இருக்காது.
- அவர் செய்தது அல்லது செய்யாமல் விட்டது, எதிர்பார்க்கப்படும் தரத்துக்குக் கீழே இருந்தது.
- அதனால்தான் பாதிப்பு வந்தது.
- அந்தப் பாதிப்பு உண்மையானது, கணக்கிடக்கூடியது.

மூன்றாவதில்தான் பல வழக்குகள் தடுமாறும். டாக்டர் தவறு செய்தார் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தவறு நடக்காவிட்டாலும் அம்மாவின் விரல் இப்படித்தான் ஆகியிருக்கும் என்றால், இழப்பீடு கிடைப்பது கடினம்.

தரத்தை யார் முடிவு செய்வது?

நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை அளிப்பதிலும் நீதிமன்றம் கேட்பது இதுதான்: அதே துறையில் இருக்கும் பொறுப்பான மருத்துவர்கள் இதை ஏற்பார்களா? அவர்களின் கருத்து தர்க்கத்துக்குப் பொருந்துகிறதா? எல்லா டாக்டர்களும் ஒரே மாதிரிச் செய்யவேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை.

ஆலோசனை விஷயத்தில் கதை கொஞ்சம் நீளம். அபாயங்களை எடுத்துச் சொல்லும்போது நோயாளியின் பார்வைக்குக் கூடுதல் இடம் கொடுக்கவேண்டும் என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் ஓர் ஊசியின் பக்கவிளைவுகளைச் சொல்லவில்லை என்று ஒரு மருத்துவருக்கு ஒழுங்கு நடவடிக்கையில் 100,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. 2019இல் மூன்று நீதிபதிகள் கொண்ட நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனாலும் மருத்துவர்களிடையே பயம் பரவியது. பயந்துபோய்த் தேவையில்லாத பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுத்தால் கடைசியில் செலவு நோயாளிக்குத்தானே?

அதன்பின் சிவில் சட்டம் திருத்தப்பட்டு, 2022 ஜூலை 1 முதல் புதிய விதி நடப்பில் உள்ளது. இப்போதும் சக மருத்துவர்களின் கருத்தே அளவுகோல். ஆனால், அந்தக் கருத்து இரண்டு விஷயங்களைக் கணக்கில் எடுத்திருக்கவேண்டும்: நோயாளி முடிவெடுக்க நியாயமாகத் தேவைப்படும் தகவல் என்ன? இந்தக் குறிப்பிட்ட நோயாளிக்கு எது முக்கியம் என்று டாக்டருக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்கவேண்டும்?

இங்கேதான் நம் வீட்டு நிலைமை வருகிறது. டாக்டர் ஆங்கிலத்தில் விளக்குகிறார். அம்மா உங்களைப் பார்த்து, "என்னம்மா சொல்றாங்க?" என்கிறார். நீங்கள் "சின்ன ஆபரேஷன்தாம்மா, பயப்படாதீங்க" என்று சுருக்கிவிடுகிறீர்கள். அம்மா பூக்கட்டும் வேலை செய்கிறார் என்பதை டாக்டரிடம் யாராவது சொன்னார்களா? நரம்பு பாதிக்கப்படலாம் என்ற வரி அம்மாவின் காதுக்குப் போனதா? நாளைக்கு இவையெல்லாம் வழக்கில் கேள்விகளாக வரலாம். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது முழுசாக மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். மொழிபெயர்க்க ஊழியர் யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

எவ்வளவு காலம் இருக்கிறது?

பொதுவாக 3 ஆண்டு. பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து, அல்லது அதைப்பற்றி நீங்கள் அறிந்த, நியாயமாக அறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து இந்தக் கணக்கு தொடங்கும். தாமதமாகத் தெரியவந்தாலும், தவறு நடந்து 15 ஆண்டு கடந்துவிட்டால் வழக்குத் தொடுக்க முடியாது. சிறுவர்கள், மனநலத் திறன் இழந்தவர்கள் விஷயத்தில் கணக்கு வேறு. அதை வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

3 ஆண்டு நிறைய என்று தோன்றும். ஆனால் மருத்துவக் கோப்பு வாங்க, நிபுணரைத் தேட, அறிக்கை எழுத என்று மாதங்கள் ஓடிவிடும். மருத்துவமனையோடு மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருப்பதால் மட்டும் இந்தக் காலக்கெடு நின்றுவிடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

முதல் சந்திப்புக்கு என்ன கொண்டு போகவேண்டும்?

- தேதிவாரியான குறிப்பு: எந்த நாள், எந்த மருத்துவர், என்ன சொன்னார், என்ன நடந்தது. மறப்பதற்குமுன் எழுதுங்கள்.
- மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் விண்ணப்பித்து வாங்கிய பதிவுகள். இதற்குக் கட்டணம் உண்டு. ஹெல்த்ஹப்பில் தெரியும் முடிவுகள் முழுக் கோப்பு ஆகாது.
- கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தின் நகல்.
- ரசீதுகள், மருத்துவ விடுப்புச் சான்றிதழ்கள், சம்பளச் சீட்டுகள்.

மருத்துவ வழக்குகளைக் கையாண்ட அனுபவம் உள்ளவரா என்று நேரடியாகக் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

வழக்கறிஞர் என்ன செய்வார்?

யார்மேல் வழக்கு என்பதை முதலில் முடிவு செய்வார். மருத்துவமனையின் ஊழியராக இருக்கும் டாக்டர் என்றால் பெரும்பாலும் மருத்துவமனையே பொறுப்பேற்கும். தனியார் மருத்துவமனையில் சொந்தமாக மருந்தகம் நடத்தும் சிறப்பு மருத்துவர் என்றால் நிலைமை மாறலாம்.

அடுத்து, அதே துறையைச் சேர்ந்த நிபுணரிடம் அறிக்கை கேட்பார். வழக்கின் முதுகெலும்பே அந்த அறிக்கைதான். "இதில் தவறு இல்லை" என்று நிபுணர் சொன்னால், நல்ல வழக்கறிஞர் அதை உங்களிடம் மறைக்கமாட்டார். கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் மேற்கொண்டு பணத்தை இழக்காமல் தப்பிப்பீர்கள்.

அறிக்கை சாதகமாக இருந்தால் எதிர்த்தரப்புக்குக் கடிதம் போகும். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள நீதிமன்ற விதிகளின்படி, வழக்குக்குமுன் சுமுகத் தீர்வுக்கு வழி உண்டா என்று இரு தரப்பும் யோசித்தாக வேண்டும். அதுவும் பலிக்கவில்லை என்றால் நீதிமன்றம். கோரும் தொகை 60,000 வெள்ளி வரை என்றால் மாஜிஸ்டிரேட் நீதிமன்றம், 250,000 வெள்ளி வரை மாவட்ட நீதிமன்றம், அதற்குமேல் உயர் நீதிமன்றம்.

செலவு?

"ஜெயிச்சா பங்கு குடுங்க, தோத்தா காசு வேணாம்" என்று படங்களில் வரும் ஏற்பாடு இங்கே இத்தகைய வழக்குகளுக்கு அனுமதிக்கப்படுவதில்லை. வழக்கறிஞர் கட்டணம், நிபுணர் கட்டணம், நீதிமன்றக் கட்டணம் எல்லாம் உண்டு. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவில் ஒரு பகுதியையும் பொதுவாக நீங்களே கொடுக்கவேண்டியிருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வசதி இல்லை என்றால், குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சட்ட அமைச்சின் சட்ட உதவிப் பிரிவை நாடலாம். வருமானத்தையும் வழக்கில் நியாயம் இருக்கிறதா என்பதையும் பார்த்து முடிவெடுப்பார்கள். சும்மா ஒரு தெளிவு வேண்டும் என்றால், புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் பதிந்துகொள்ளலாம். ஏறக்குறைய 20 நிமிடம்தான் கிடைக்கும் என்பதால் அந்தத் தேதிவாரிக் குறிப்போடு போங்கள்.

பணம் வேண்டாம், பதில் போதும் என்றால்?

பல குடும்பங்களுக்கு உண்மையில் வேண்டியது அதுதான். என்ன நடந்தது, ஏன் நடந்தது, யாராவது மன்னிப்புக் கேட்பார்களா? இதற்கு வழக்கு மட்டுமே வழி கிடையாது.

- மருத்துவமனையிடம் எழுத்துபூர்வமாக விளக்கம் கேட்கலாம், சந்திப்புக்கும் கேட்கலாம்.
- சமரசப் பேச்சுக்குப் போகலாம். அங்கே பேசுவது பொதுவாக ரகசியம் என்பதால் இரு தரப்பும் கொஞ்சம் மனம்விட்டுப் பேச முடியும்.
- சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் சட்டபூர்வ உறுதிமொழியோடு புகார் கொடுக்கலாம். மருத்துவரின் நடத்தையை அது விசாரிக்கும், ஆனால் இழப்பீடு தராது.

ஒன்று மட்டும் கவனம். இந்த வழிகளில் எதில் இறங்கினாலும், வழக்குக்கான 3 ஆண்டுக் கணக்கு பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதலில் ஒரு வழக்கறிஞரிடம் உங்கள் கடைசித் தேதி எது என்று கேட்டுக் குறித்துவையுங்கள். அதன்பின் அம்மாவோடு உட்கார்ந்து, அவருக்கு என்ன வேண்டும் என்று அவரையே கேளுங்கள். கை அவருடையது, முடிவும் அவருடையதுதான்.

இது பொதுவான தகவல் மட்டுமே. உங்கள் நிலைமைக்கு ஏற்ற ஆலோசனையை வழக்கறிஞரிடம் பெறுங்கள்.