காய்ச்சற்கட்டியும் குழந்தையின் உயிரும்

காய்ச்சற்கட்டி என்னும் சொல் இன்று வழக்கில் அருகிவிட்டது. மலேரியா என்னும் முறைக்காய்ச்சல் பலகாலும் வந்துபோன உடலில் மண்ணீரல் வீங்கி, இடப்பக்க விலாவின் கீழே கைக்குத் தட்டுப்படும் கட்டியாக நிற்கும். அதற்குத் தமிழர் இட்ட பெயர் அது. சிலாங்கூர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் அக்கட்டியை எண்ணியே ஒரு தோட்டம் மனிதர் வாழத் தக்கதா, அன்றா என்பது அளக்கப்பட்டது. எண்ணப்பட்டவற்றுள் பெரும்பகுதி தமிழ்க் குழந்தைகளின் மண்ணீரல்கள்.

இன்று, கடும் மலேரியாவில் எந்தக் குழந்தை பிழைக்கும், எந்தக் குழந்தை பிழைப்பது அரிது என்பதை முன்கூட்டி அறிய, இரத்தத்திலும் கண்ணிலும் பல குறிகளை அறிவியலார் தேடுகின்றனர். உயிரியற் குறிகள் என அவற்றைச் சொல்லலாம். அன்று கிள்ளானில் தேடப்பட்டதும் ஓர் உயிரியற் குறியே. ஆயினும் அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி வேறு. இன்று கேட்கப்படும் கேள்வி வேறு.

டாக்டர் மால்கம் வாட்சன் 1901 சனவரியில் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தார். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டு அப்போது நான்கு ஆண்டுகள் நிறையவில்லை. பின்னாளில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எனப் பெயர்பெற்ற நிலையம் கோலாலம்பூரில் அப்போதுதான் தோன்றியிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களுக்குள் தொழிலாளரும் அலுவலரும் கூட்டங்கூட்டமாகக் காய்ச்சலில் வீழ்ந்தனர். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்னும் பேச்சும் எழுந்தது. வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்து, சூழ்ந்திருந்த காட்டையும் வெட்டச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலுமாக 1901-இல் இறந்தோர் 582 பேர். 1902-இல் 144 பேர்.

பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அங்கே இறப்புக் கணக்கு மட்டும் போதவில்லை. பால்வெட்டுக்கு வந்தவர் ஒரு தோட்டத்திலேயே நிலைத்திருப்பவர் அல்லர். ஓரிடத்தில் நோயுற்று, வேறோரிடத்திலோ கப்பலேறிய பின்னரோ இறந்தால், நோய் தந்த தோட்டத்தின் பெயர் ஏட்டில் ஏறாது. குழந்தைகளோ லயத்திலேயே இரவும் பகலும் இருப்பவர்கள். மேலும், பலமுறை நோயுற்றுத் தாங்கும் ஆற்றல் பெற்ற பெரியவர்களின் மண்ணீரல் காலப்போக்கில் சுருங்கிவிடும். குழந்தைகளின் மண்ணீரலே உள்ளதை உள்ளபடி காட்டும். மண்ணீரல் இரத்தத்தின் சல்லடை போன்றது. கிருமி புகுந்த செவ்வணுக்களைப் பிடித்து அழிப்பது அதன் தொழில். அத்தொழில் ஓயாது நடைபெறும்போது அது பெருக்கிறது. ஆகவே தோட்டத்துக் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் வயிற்றிலும் கைவைத்துப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேருக்குக் கட்டி உள்ளது என்று கணக்கிட்டனர். மண்ணீரல் விகிதம் என்பது இதுவே. இம்முறை வாட்சன் கண்டதன்று. 1840-களில் வட இந்தியக் கால்வாய்ப் பகுதிகளில் டெம்ப்ஸ்டர் என்பார் இதனைக் கையாண்டிருந்தார். ஆனால் இதனைக் கொண்டு வாட்சன் அறிந்த உண்மை பெரிது.

கடலோரச் சமநிலத்தில் காட்டை வெட்டி நீரை வடித்த தோட்டங்களில் குழந்தைகளின் கட்டி மறைந்தது. அதே முறையை மலைச்சரிவுத் தோட்டங்களில் செய்தபோது கட்டி குறையவில்லை. காரணம் பின்னர்த் தெளிவாயிற்று. சமநிலத்தில் நோய் பரப்பிய கொசு காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்வது. மலைப்பகுதியில் பரப்பிய கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையை நாடுவது. காட்டை வெட்டி ஓடைக்கு வெயில் கொடுத்தவர்கள், அறியாமலே அக்கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்தனர்! இவ்வுண்மையை முதலில் உரைத்தவை குழந்தைகளின் வயிறுகளே. மலைத்தோட்டங்களில் பின்னர் ஓடைநீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தவும், நீரின்மேல் எண்ணெய் தெளிக்கவும் நேர்ந்தது.

இவ்வளவு பயன் தந்த குறிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைக் கொண்டு கடைசி வாங்கில் இருக்கும் ஒரு மாணவன் தேறுவானா என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார். மண்ணீரல் விகிதமும் அத்தகையதே. அது இடத்தைப் பற்றிச் சொல்லும். பாயில் கிடக்கும் ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லாது. பெரிய கட்டியோடு ஒரு சிறுவன் லயத்து வாசலில் ஓடி விளையாடுவான். நோயோடு பழகிய உடல் அது. தாயகத்திலிருந்து புதிதாக வந்து, வயிற்றில் கட்டியே இல்லாத குழந்தை சில நாட்காய்ச்சலில் மாண்டுபோகக் கூடும். இலங்கையில் 1934–35-இல் மூண்ட பெருங்கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கொடிய அடி விழுந்தது மலேரியா வழக்கமாக மிகுந்திருந்த வறண்ட நிலத்திலன்று. மக்கள் நோய்க்குப் பழகாத கேகாலை முதலான பகுதிகளில்தான். நலம் என்று அங்கே எண்ணப்பட்டது நோயறியாமையே.

அவ்வாறாயின், இந்தக் குழந்தைக்கு இன்றிரவு உயிருக்கு இடர் உண்டா என்பதை எதனால் அறிவது? விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடியில் தடவி, நுண்ணோக்கியில் கிருமிகளை எண்ணலாமே என்று தோன்றும். ஃபால்சிபாரம் என்னும் கொடிய வகையில் இவ்வெண்ணிக்கை பலமுறை ஏமாற்றுகிறது. அக்கிருமி முற்றியதும், தான் குடியிருக்கும் செவ்வணுவை ஒட்டும் தன்மையுடையதாக்கி, மூளை முதலிய உறுப்புகளின் நுண்குழாய்ச் சுவர்களில் பற்றிக்கொள்கிறது. விரல் நுனியில் வருவன பெரும்பாலும் இளங்கிருமிகளே. சந்தையில் நடமாடுவோரை எண்ணி ஊரின் மக்கள்தொகையை அறிய முயல்வதைப் போன்றது இது.

ஆகவே அறிஞர் வேறு குறிகளை நாடினர். கென்யாவின் கிலிஃபி மருத்துவமனையில் 1,844 குழந்தைகளை ஆராய்ந்து 1995-இல் வெளியிட்ட முடிவு எளியது, அதனாலேயே அரியது. இறந்த குழந்தைகளுள் நூற்றுக்கு 84 பேரிடம் உணர்வு மயக்கமோ, மூச்சு இடர்ப்பாடோ, இவ்விரண்டுமோ காணப்பட்டன. இறந்தவருள் மிகப் பலர் முதல் 24 மணி நேரத்திலேயே இறந்தனர். நுண்குழாய்கள் அடைபட்ட இடத்தில் உயிரணுக்களுக்கு உயிர்வளி கிட்டாமல் லாக்டிக் அமிலம் பெருகுகிறது. குழந்தை ஆழ்ந்து விரைந்து மூச்சு வாங்குவது பெரும்பாலும் அவ்வமிலத்தை ஈடுசெய்யும் முயற்சியே. இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 5 மில்லிமோல் அளவுக்கு லாக்டேட் ஏறிவிட்டால் நிலைமை கடுமை என்று கொள்கின்றனர். சருக்கரை 40 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவதும் அத்தகைய எச்சரிக்கையே. இவ்விரண்டையும் கைக்கருவி கொண்டு படுக்கையருகிலேயே சில நொடிகளில் அறியலாம்.

மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரில் நிகழ்ந்த ஆய்வு மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தது. மூளை மலேரியா என்று முடிவு செய்யப்பட்டு இறந்த 31 குழந்தைகளின் உடல்களை அறுத்துப் பார்த்தபோது, 7 பேரின் சாவுக்குக் காரணம் மலேரியாவன்று, வேறு நோய். மலேரியா மிகுந்த ஊரில் கிருமி இரத்தத்தில் இருப்பது இயல்பு. இருப்பதனாலேயே அதுதான் கொல்கிறது என்றாகாது. உண்மையான மூளை மலேரியாவைப் பிரித்துக் காட்டிய குறி கண்ணில் இருந்தது. விழித்திரை வெளுத்தல், அதன் இரத்தக் குழாய்கள் நிறம் மாறுதல் ஆகியன அக்குறிகள். மூளைக்குள் நடப்பதைக் காட்டும் சாளரமாக விழித்திரை அமைந்தது. 2004-இல் வெளிவந்த இம்முடிவால், மயங்கிக் கிடக்கும் குழந்தையின் கண்ணைச் சோதிக்கும் பழக்கம் ஆராய்ச்சி மருத்துவமனைகளில் வலுப்பெற்றது.

ஒளிந்திருக்கும் கிருமிகளை எண்ணவும் ஒரு வழி பிறந்தது. ஃபால்சிபாரம் கிருமி எச்.ஆர்.பி.2 என்னும் ஒருவகைப் புரதத்தை வெளியிடுகிறது. குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் கிருமி விடும் புரதமும் சுற்றும் இரத்தத்தில் கலந்தே தீரும். அதன் அளவு உயர உயர உடலில் மறைந்துள்ள மொத்தச் சுமையும் மிகுதி என அறியலாம். இன்று சிற்றூர்களிலும் வழங்கும் சோதனைப் பட்டைகள் இப்புரதத்தையே தேடுகின்றன. ஆனால் உண்டு, இல்லை என்று மட்டுமே அவை சொல்லும். ஆஞ்சியோபாய்டின்-2 என்பது வேறுவகைக் குறி. அது கிருமியின் பொருளன்று. தாக்கப்பட்ட இரத்தக் குழாய்ச் சுவர் தானே வெளியிடுவது. உகாண்டாவிலும் மலாவியிலும் இறந்த குழந்தைகளிடம் அது மிகுந்திருந்தது. இத்தகைய குறிகள் ஆய்வுக்கூடத்தில் சிறந்து விளங்குகின்றன. ஆயினும் விடை வருவதற்குள் குழந்தையின் முடிவு வந்துவிடுமானால் பயன் என்ன? இன்றைய நிலையில் ஒரு விலையுயர்ந்த சோதனையைவிட, மூச்சை எண்ணத் தெரிந்த செவிலியர் பெரிதும் உதவுவார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

குறி கண்டபின் செய்வதற்கு ஒன்று இருந்தால்தான் குறிக்கு மதிப்பு. அது இன்று உண்டு. 2010-இல் வெளியான பேராய்வில் ஆப்பிரிக்கக் குழந்தைகள் 5,425 பேருள் குவினைன் பெற்றோரில் நூற்றுக்கு 10.9 பேரும், ஆர்ட்டிசுனேட் ஊசி பெற்றோரில் 8.5 பேரும் இறந்தனர். இரத்தமும் சருக்கரையும் வேளையோடு ஏற்றப்பட்டுப் பிழைத்தோர் வேறு. எனினும் 2023-இல் உலகில் மலேரியாவால் மாண்டோர் 5,97,000 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மிகப் பலர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் தோன்றவில்லை. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ இன்று பள்ளி செல்லும் குழந்தையின் வயிற்றில் காய்ச்சற்கட்டியைத் தேடுவார் இல்லை. ஆனால் குரங்கிடமிருந்து வரும் நோலெசி என்னும் வகை இருக்கிறது. 1965-இல் பகாங்கில் ஓர் அமெரிக்கரிடம் முதன்முதலாகக் காணப்பட்ட இது, சரவாக்கின் காப்பிட் பகுதியில் பலரைப் பற்றியிருந்தமை 2004-இல் வெளிப்பட்டது. சபாவில் குழந்தைகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரையில் இரத்தசோகை பரவலாகக் காணப்பட்டது; கடும் நோய் காணப்படவில்லை. பெரியவர்களிடமோ இது உயிரைக் கொல்லும். ஃபால்சிபாரத்திற்கென அமைந்த எச்.ஆர்.பி.2 பட்டையை இதற்கு நம்ப இயலாது. மாறாக, இக்கிருமியின் எல்லாப் பருவங்களும் சுற்றும் இரத்தத்திலேயே தென்படுகின்றன. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுகின்றன. ஆகையால் ஃபால்சிபாரத்தில் ஏமாற்றிய அந்தக் கண்ணாடித் தகட்டு எண்ணிக்கையே நோலெசியில் நல்ல முன்குறியாகிறது. சபா மருத்துவமனைகளில் நோயாளியை எங்கே கிடத்துவது, எந்த மருந்தை எவ்வழியில் செலுத்துவது என்று முடிவு செய்யும்போது அவ்வெண்ணிக்கையைக் கேட்டறிகின்றனர்.