பூட்டனின் கப்பலைத் தேடுவது எப்படி?

மருதனார்மடம் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் எண்பது வயது கடந்த ஓர் ஆச்சி வசிக்கிறார். வல்வெட்டித்துறையில் பிறந்து மயிலிட்டியில் வாழ்க்கைப்பட்டவர். 1990 ஜூனில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு, பல இடம் மாறி, கடைசியில் இங்கே தங்கிவிட்டார். வேறொரு கட்டுரைக்காக அவரிடம் போயிருந்தபோது, பேச்சின் நடுவே இப்படிச் சொன்னார்:

"என்ரை பூட்டனுக்கு மூண்டு கப்பல் இருந்தது பிள்ளை. இப்ப சொன்னா ஆர் நம்புவினம்? காட்டுறதுக்கு ஒரு துண்டுக் கடுதாசி இல்லை."

கடதாசிகள் இருந்த பெட்டகம் வீட்டோடு போய்விட்டது. "தேடிப் பாக்கிறன் ஆச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் தேடலில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆச்சியைப் போல ஆயிரம் வீடுகள் நம்மிடம் இருக்கின்றன.

அவர் சொன்னது மிகைப்பேச்சு அல்ல. 19ஆம் நூற்றாண்டில் வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்கள் இந்தியக் கரைகளுக்கும் பர்மாவுக்கும் ஓடின. பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் வந்தன. யாழ்ப்பாணத்துப் புகையிலை மலையாளக் கரைக்குப் போனது. கப்பல் உரிமையாளரான திருமேனியார் வேங்கடாசலம் கட்டிய சிவன் கோயில் அந்தச் செல்வத்தின் சாட்சியாக இன்றும் ஊரில் நிற்கிறது. அவ்வூரில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பேர்ட் றொபின்சன் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஓட்டிச் சென்ற அந்தக் கப்பல், 1938 ஓகஸ்டில் மசாசூசெட்சின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

முதலில், இதே காலத்து ஆங்கிலேயக் கப்பல் உரிமையாளர் குடும்பங்களை அவர்களின் சந்ததியினர் எப்படித் தேடுகிறார்கள் என்று பார்த்தேன். இலண்டனில் டங்கன் டன்பார் என்றொரு பெரிய கப்பல் முதலாளி இருந்தார், 1862இல் இறந்தார். பர்மாவின் மோல்மீன் நகரில் தேக்கு மரத்தால் கப்பல்கள் கட்டுவித்தவர். நமது தண்டையல்மார் போய்வந்த அதே கடல்தான். அவரைப் போன்ற ஒருவரின் குடும்பத்தைத் தேட அங்கே பல வாசல்கள் உள்ளன. 1841 முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்த குடிசன மதிப்பில் வீட்டில் இருந்த ஒவ்வொருவரின் பெயரும் இருக்கிறது. 1858 முதல் மரணசாசனங்களுக்கு ஆண்டுதோறும் அச்சிட்ட பட்டியல் உண்டு.

கப்பலுக்கென்று தனிப் பதிவேடும் இருந்தது. 1854ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டத்தின்படி ஒரு கப்பலின் உடைமை 64 பங்குகளாகக் கணக்கிடப்பட்டது. எந்தப் பங்கு யாருக்கு, எப்போது கைமாறியது, யார் இறந்தபின் யாருக்குப் போனது என்பதெல்லாம் துறைமுகப் பதிவேட்டில் ஏறின. 1855 முதல் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு இலக்கம் வழங்கப்பட்டது. கப்பலின் பெயர் மாறினாலும் அந்த இலக்கம் மாறாது. 1865 முதல், ஆண்டுதோறும் அச்சான வணிகக் கப்பற் பட்டியலில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் வந்தன.

இதில் நமக்கும் ஒரு வழி இருக்கிறது. இலங்கை அன்று பிரித்தானியக் குடியேற்ற நாடு. இங்குள்ள துறைமுகத்தில் சட்டப்படி பதிந்த கப்பலும் 'பிரித்தானியக் கப்பல்'தான். யாழ்ப்பாணத்தில் எரிந்த கடதாசி ஒன்றின் தடம் இலண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடக்கக்கூடும். அந்தப் பழைய பட்டியல்கள் பல இப்போது இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன.

ஆனால் தேடத் தொடங்கியதும் நான் இடறியது பெயரில்தான். ஆங்கிலேயருக்குக் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். நமக்குத் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். ஆறுமுகத்தின் மகன் கந்தையா, கந்தையாவின் மகன் செல்லத்துரை. மூன்றாம் தலைமுறையில் ஆறுமுகம் காணாமல் போய்விடுவார். 'பிள்ளை' என்பதைக் குடும்பப் பெயராக வைத்துத் தேடினால் பாதி ஊரும் ஒரே குடும்பமாகத் தெரியும். ஆங்கில எழுத்தில் ஒரே பெயரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள். கப்பலின் பெயரை மட்டும் வைத்தும் தேட முடியாது. அம்மன் பெயரும் முருகன் பெயரும் தாங்கிய கப்பல்கள் ஏராளம். இலக்கம் தெரிந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். ஆச்சிக்குக் கப்பலின் பெயர் தெரியும், இலக்கம் தெரியாது.

ஆகவே கப்பலை விட்டுக் காணியைப் பிடித்தேன். தேசவழமைப்படி பெண்ணுக்குச் சீதனம் எழுதுவது நமது வழக்கம். தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என்று காணி போன பாதையில் பெயர்களும் போயிருக்கின்றன. ஆங்கிலேயருக்குத் தகப்பன் வழியில் கிடைப்பது நமக்குத் தாய் வழியில் கிடைக்கிறது. உறுதி பதியும் முறை 1863ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. நொத்தாரிசு எழுதும் உறுதியின் பிரதி ஒன்று காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டும். வீட்டுப் பிரதி எரிந்தாலும் அங்கே தேடிப் பார்க்கலாம். பிறப்பு, இறப்புப் பதிவு 1867இன் சட்டத்தால் கட்டாயமானது. இறப்புப் பதிவு ஒன்று கிடைத்தால் அடுத்த பெயருக்குப் படி ஏறலாம்.

ஆச்சியின் மகனோடு நான் பதிவகத்துக்கு மூன்று முறை போனேன். காணியின் பெயர், எல்லைகள், ஆச்சியின் தாயின் முழுப்பெயர் ஆகிய மூன்றும்தான் எங்கள் கையில் இருந்தன. மூன்றாம் முறை ஒரு சீதன உறுதியின் பதிவு கிடைத்தது. அதில் பூட்டனின் பெயருக்குப் பக்கத்தில் பூட்டியின் பெயரும் இருந்தது. அந்தக் காணி பூட்டியின் சீதனமாக வந்தது. கப்பலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

வாசித்துக் காட்டினேன். பூட்டியின் பெயரைத் திருப்பிச் சொல்லச் சொன்னார் ஆச்சி. அவருக்கு அந்தப் பெயர் அதுவரை தெரியாது. எல்லாரும் 'கப்பல்கார வீட்டு ஆச்சி' என்றுதான் சொல்லிவந்தார்களாம்.

"கப்பல் போனாப் போகட்டும். இவவின்ரை பேரை எழுதித் தா" என்றார்.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் எரிந்தன. அந்த இழப்பை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். வீடுகளில் எரிந்தவற்றுக்குக் கணக்கே இல்லை. காணி விடுவிப்புக்காக இன்றும் உறுதி தேடி அலைபவர்களுக்கு இதன் வலி நன்றாகத் தெரியும். அப்படி அலைபவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: பதிவகத்தில் உறுதி கிடைத்தால் எல்லைகளை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். அதிலுள்ள பெயர்கள் அனைத்தையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால், நாளைக்கென்று தள்ளாமல் இன்றைக்கே இருத்திக் கேளுங்கள்: தாயின் முழுப்பெயர் என்ன, காணியின் பெயர் என்ன, கப்பலோ தோணியோ இருந்திருந்தால் அதன் பெயர் என்ன என்று.

பூட்டனின் கப்பலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். பூட்டியின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்த தாள், ஆச்சியின் சாமியறையில் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.