விளைநிலத்தில் இறங்கிய குண்டுவிமானங்கள்

இங்கிலாந்தின் கிழக்கே உள்ள லிங்கன்ஷயர், கோதுமையும் உருளைக்கிழங்கும் விளையும் தட்டையான பூமி. இரண்டாம் உலகப் போரில் அந்தத் தட்டைத்தன்மையே அதற்கு வினையாயிற்று. பாரமான குண்டுவிமானங்கள் ஓடி எழும்ப இடம் இருந்தது, ஜேர்மனியும் கிட்ட. அரசாங்கம் போர்க்காலச் சட்டத்தின் கீழ் கமங்களைக் கையேற்றது. வேலிகள் பிடுங்கப்பட்டன, மரங்கள் தறிக்கப்பட்டன, விளைந்த மண்ணின்மேல் கொங்கிறீற் ஊற்றப்பட்டது.

ஈஸ்ற் கேர்க்பி என்னும் கிராமத்தின் அருகே அவ்வாறு அமைந்த தளம் 1943 ஓகஸ்ற் மாதத்தில் திறக்கப்பட்டது. 57ஆம், 630ஆம் படையணிகளின் லங்காஸ்ரர் விமானங்கள் இங்கிருந்து பறந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு இயந்திரங்கள், ஏழு பேர். பெரும்பாலானோர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். போர் முடிவதற்குள் இத்தளத்தைச் சேர்ந்த 800க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

போர் முடிந்தவுடன் நிலம் திரும்பிவிடவில்லை. 1950களில் அமெரிக்க விமானப்படையும் சில காலம் அங்கே இருந்தது. அதன் பின்னரே காணிகள் விற்கப்பட்டு மீண்டும் கலப்பை இறங்கியது. இத்தகைய தளங்கள் பலவற்றில் கொங்கிறீற்றை உடைத்து வீதிகளுக்கு அடித்தளமாக இட்டார்கள். ஈஸ்ற் கேர்க்பியில் இன்று கட்டுப்பாட்டுக் கோபுரமும் சில கட்டடங்களும் பாதைத் துண்டுகளும் எஞ்சியுள்ளன. சுற்றிவரப் பயிர்.

எஞ்சியவற்றைக் காத்தவர்கள் பிரெட் பான்ரன், ஹரோல்ட் பான்ரன் என்ற சகோதரர்கள். கோழி வளர்த்த கமக்காரர்கள். அவர்களின் மூத்த சகோதரர் கிறிஸ்ரோபர் வேறொரு தளத்திலிருந்து பறந்தவர். 1944 மார்ச் 30ஆம் திகதி இரவு நூரம்பேர்க் நகரத்தைத் தாக்கச் சென்று 19 வயதில் இறந்தார். அந்த ஓர் இரவில் ஏறத்தாழ 800 விமானங்களுள் 95 திரும்பவில்லை. தம்பிமார் பழைய தளத்தின் ஒரு பகுதியை வாங்கினார்கள். 1983இல் ஒரு லங்காஸ்ரர் விமானத்தையும் வாங்கினார்கள். அவர்கள் அமைத்த நூதனசாலை 1988இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அரசாங்கம் கட்டிக் கொடுத்ததல்ல, கமத்தில் உழைத்த காசு. அங்குள்ள சிறு சிற்றாலயத்தில் மாண்டவர்களின் பெயர்கள் உள்ளன. சில நாட்களில் விமானத்தின் நான்கு இயந்திரங்களையும் இயக்கிப் புற்தரையில் ஓடவிடுகிறார்கள். பார்க்கச் சனம் திரளும்.

பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இருந்த எமது மக்களுக்கு அந்த ஓசை வேறுவிதமாகத்தான் கேட்கும். சிற்றாலயத்தின் பெயர்கள் பறந்தவர்களுடையவை. 1945 பெப்ரவரியில் டிறெஸ்டன் நகரத்தை எரித்த விமானங்களுள் இத்தளத்தினவும் இருந்தன. அங்கே இறந்த சுமார் 25,000 பேருக்கு அந்த நகரத்தவரே நினைவுச் செபம் சொல்கிறார்கள். தம்பியார் அண்ணனுக்கு அழுவதில் குறைகாண நான் வரவில்லை. ஆயினும் ஒரு போரின் நினைவு இரண்டு நாடுகளில் பாதி பாதியாகக் கிடக்கிறது என்பதைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

இந்தக் கதை எமக்குத் தூரமானதல்ல. எமது பலாலித் தளமும் அதே போரில், அதே பிரித்தானிய விமானப்படை வலிகாமத்தின் செம்மண்ணில் அமைத்ததுதான். காங்கேசன்துறைத் தளம் என்ற பெயரில் லிபரேற்றர் குண்டுவிமானங்கள் இங்கிருந்து சமுத்திரக் காவலுக்குப் பறந்தன. போருக்குப் பின் பயணிகள் விமானம் வந்தது. ஆனால் 1990இல் வலிகாமம் வடக்கின் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. தளத்தைச் சூழ்ந்த தோட்டங்கள் உயர்பாதுகாப்பு வலயமாயின. 2009க்குப் பின்னர் காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. திரும்பிப் போனவர்களில் பலர் வீடு நின்ற இடத்தைக் கிணற்றை வைத்தே அடையாளம் கண்டார்கள். 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. விடுபடாத காணிகளின் உறுதிகளைச் சிலர் றங்குப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.