ருக்குன் நெகாரா: ஒப்பித்தால் போதுமா?

பள்ளிச் சபைகூடலில் வலது கையை உயர்த்தி ருக்குன் நெகாராவை ஒப்பிக்காத மலேசியப் பிள்ளைகள் இல்லை எனலாம். நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையிலும் அதுதான் அச்சாகியிருக்கும். ஆனால், அது ஏன் வந்தது என்று கேட்டால் பிள்ளைகள் விழிக்கின்றனர். பெற்றோரிலும் பலர் அப்படித்தான்.

1969ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டது. அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டது. நாடாளுமன்றம் 1971 பிப்ரவரியில்தான் மீண்டும் கூடியது. இதற்கிடையே, துன் அப்துல் ரசாக் தலைமையிலான தேசிய ஆலோசனை மன்றத்தில் பல இனத்தவரும் அமர்ந்து பேசினர். அதன் பின், 1970 ஆகஸ்ட் 31ஆம் தேதி மாமன்னர் ருக்குன் நெகாராவைப் பிரகடனம் செய்தார். இறை நம்பிக்கை, மன்னருக்கும் நாட்டுக்கும் விசுவாசம், அரசியலமைப்பின் மேன்மை, சட்டத்தின் ஆட்சி, நன்னடத்தையும் ஒழுக்கமும் என்பவையே அந்த ஐந்து கோட்பாடுகள். அடிதடிக்குப் பிறகு அண்டை வீட்டாரோடு எப்படி மறுபடியும் வாழ்வது என்பதற்கான உடன்பாடு அது. ஆறாம் ஆண்டு மாணவனுக்கு இதை அச்சமூட்டாமலே எடுத்துச் சொல்லலாம்.

பள்ளியில் நன்னெறிக் கல்வி இருக்கிறதே எனலாம். 2000ஆம் ஆண்டுகளில் எஸ்.பி.எம். மாணவர்கள் 36 நெறிகளின் விளக்கங்களை மனனம் செய்தனர். மரியாதைக்கு விளக்கம் எழுதிப் புள்ளி வாங்கிய பிள்ளை, பள்ளியைக் கூட்டும் அம்மாவுக்கு வணக்கம் சொல்லாமல் போனால் குறை பிள்ளையிடம் மட்டுமா?

சட்டத்தின் ஆட்சியைப் பிள்ளைகள் பெரும்பாலும் காரின் பின் இருக்கையில் அமர்ந்தே கற்கின்றனர். "போலீஸ் இல்லை, போகலாம்" என்று அப்பா சிவப்பு விளக்கைத் தாண்டுகிறார். பிடிபட்டால் 'காப்பிக் காசு' கைமாறுகிறது. 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி கொடுப்பவரும் குற்றவாளியே. மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்று காலை அவன் ஒப்பித்த நான்காவது கோட்பாடு அங்கேயே அழிந்துபோகிறது.

தமிழ்ப்பள்ளியில் பயின்ற பிள்ளைகளுக்கு இன்னொரு கட்டம் உண்டு. தேசிய இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தில்தான் அவர்களில் பலர் முதன்முறையாக மலாய், சீன மாணவர்களுடன் ஒரே மேசையில் அமர்கின்றனர். அதுவரை மற்ற இனத்தவரைப் பற்றி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்ட கேலிப் பேச்சும் அவர்களுடனே வகுப்புக்குள் நுழைகிறது. பல்வகைப் பண்பாட்டைப் பரந்த மனத்துடன் அணுக வேண்டும் என்று ருக்குன் நெகாராவின் முன்னுரை சொல்கிறது. பிள்ளைக்கு அது எப்படிப் புரியும்?

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு முன்பே அந்தப் பாடத்தைத் தொடங்கலாம். முஸ்லிம் நண்பன் வருகிறான் என்றால் 'ஹலால்' உணவு எது, எங்கே வாங்குவது, அவனுக்குத் தனிப் பாத்திரம் வைப்பது ஏன் என்பதை மகளே விசாரித்து ஏற்பாடு செய்யட்டும். நோன்புப் பெருநாளன்று அவன் வீட்டுக்கு அவளையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே எப்போது செருப்பைக் கழற்றுவது, பெரியவர்களை எப்படி வணங்குவது என்பதை அந்த வீட்டுப் பிள்ளைகளே அவளுக்குச் சொல்லித் தருவார்கள்.