சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள்: நியூட்ரோபில் கணக்கும் காய்ச்சலும்

ஆய்வகத் தாளில் ஏதோ ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் 'ஹெச்' (இயல்பைவிட அதிகம்) என்று தடித்து அச்சாகியிருந்தால் போதும், நாமக்கல் மாவட்டம் வெண்ணந்தூரில் பலர் நேரே மருந்துக்கடைக்குப் போகிறார்கள். "ரத்தத்துல கிருமி ஏறிப்போச்சாம், அஞ்சு நாளைக்கு மாத்திரை குடுங்க" என்று கேட்கிறார்கள். கடையிலும் கொடுத்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவருக்குக் காய்ச்சல் அடிக்கிறது. தாளில் நியூட்ரோபில் 50 சதவீதம், 'நார்மல்'. வீட்டார் பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். முதல் ஆளுக்கு மருந்தே வேண்டியிருக்காது. இரண்டாவது ஆளுக்கு ஒவ்வொரு மணி நேரமும் உயிர்ப் பிரச்சினை. இரண்டு தவறும் ஓயாமல் நடக்கின்றன.

சி.பி.சி. எனப்படும் முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனைத் தாளில் பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். ஒன்று டோட்டல் கவுண்ட், அதாவது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் உள்ள மொத்த வெள்ளணுக்கள். பெரியவர்களுக்கு 4,000 முதல் 11,000 வரை இயல்பு. மற்றொன்று அதில் நியூட்ரோபில் என்னும் வகை எத்தனை சதவீதம் என்பது. 40 முதல் 70 வரை சாதாரணம், ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். சதவீதத்தைத் தனியாகப் படித்தால் ஒன்றும் தெரியாது. டோட்டல் கவுண்ட்டைச் சதவீதத்தால் பெருக்கி 100ஆல் வகுக்க வேண்டும். மேலே சொன்ன கீமோ நோயாளியின் டோட்டல் கவுண்ட் 900 என்றால், 50 சதவீதம் என்பது 450 நியூட்ரோபில்தான்.

நியூட்ரோபில் எண்ணிக்கை 1,500க்குக் கீழே போனால் குறைவு. 1,000க்குக் கீழே கவனம் வேண்டும். 500க்குக் கீழே, அதுவும் காய்ச்சலோடு இருந்தால், அது அவசர நிலை. பாக்டீரியாவையும் பூஞ்சையையும் முதலில் எதிர்கொள்ளும் அணு இதுதான். எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகிறது. ரத்தத்தில் அவை ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. உற்பத்தி நின்றால் சில நாட்களில் கையிருப்பு தீர்ந்துவிடும். அந்த நிலையில் பெரும்பாலும் சீழ் பிடிக்காது, கட்டி வீங்காது. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறியாக இருக்கும். அதையும் பாராசிட்டமால் போட்டு மறைத்துவிடுகிறோம்.

சில தாள்களில் டோட்டல் கவுண்ட் 0.9 என்றோ 11.2 என்றோ இருக்கும். அதை ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். சின்ன இயந்திரம் வைத்திருக்கும் ஆய்வகங்கள் நியூட்ரோபில் என்று பிரிக்காமல் 'கிரான்' (கிரானுலோசைட் என்பதன் சுருக்கம்) என்று மட்டும் அச்சடிக்கும். எண் மிகக் கூடினாலோ குறைந்தாலோ, ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியர் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறைந்துபோனாலும் எண்கள் தப்பாக வரும். அப்போது மறுபடி ரத்தம் எடுப்பதே சரி. சி.பி.சி. பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை.

நியூட்ரோபில் கூடினாலே கிருமி என்று அர்த்தமில்லை. கர்ப்பம், புகைப்பழக்கம், அடிபட்ட காயம், கடும் உடலுழைப்பு எல்லாம் ஏற்றும். எல்லாவற்றையும்விட நம் பகுதியில் நான் அஞ்சுவது ஸ்டீராய்டைத்தான். உடம்பு வலிக்கும் காய்ச்சலுக்கும் காகிதத்தில் மடித்துத் தரும் 'மாத்திரை செட்'டில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்தால், ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் நியூட்ரோபில்கள் விடுபட்டு ஓட்டத்தில் கலக்கும், எண் கிடுகிடுவென ஏறும். மறுநாள் பரிசோதித்தால் 'கிருமி' என்று தோன்றும், அதற்கு ஆன்டிபயாடிக் எழுதப்படும். எனவே அட்டையும் பெயரும் இல்லாத மாத்திரையை வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவை. பில் கேளுங்கள். தர மறுத்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். ஒரு நாள் தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போகும் என்பதால்தான் இங்குள்ள நெசவாளர்கள் மருத்துவரைப் பார்க்காமல் கடைக்கு ஓடுகிறார்கள், தெரியும். கடைக்காரருக்கு அந்தச் சாக்கு இல்லை.

எண் குறைவதற்கும் பல காரணங்கள் உண்டு. டெங்குவில் டோட்டல் கவுண்ட் 3,000க்குக் கீழேகூட இறங்கும், பெரும்பாலும் சில நாட்களில் தானே ஏறிவிடும். டைபாய்டிலும் குறையலாம். பி12 குறைபாடும் குறைக்கும். மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் நாளில் மறுபடி பரிசோதிக்க வேண்டும். ஆனால் தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்குக் கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களுக்குத் தொண்டை வலி, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் காத்திருக்கவே கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே சி.பி.சி. எடுக்க வேண்டும். மனநோய்க்குக் குளோசபின் சாப்பிடுபவர்கள் மருத்துவர் சொன்ன இடைவெளியில் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது.

கீமோ முடிந்து ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை எண் அதிகம் இறங்கும் காலம். அந்த நாட்களில் வெப்பமானியில் ஒருமுறை 101 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலோ, 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலோ, 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். பாராசிட்டமால் போட்டு விடியும்வரை பார்க்காதீர்கள். தெருமுனைக் கிளினிக்கில் இடுப்பு ஊசி போடாதீர்கள். நரம்பு வழி ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும்; ராசிபுரம் அரசு மருத்துவமனையில் பதிந்தவுடனேயே "கீமோ நோயாளி, காய்ச்சல்" என்று சத்தமாகச் சொல்லுங்கள், வரிசையில் நிற்க வேண்டாம். அங்கிருந்து நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். நோயின் பெயர், கடைசி கீமோ தேதி, மருந்துகள், சிகிச்சை தரும் மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பையில் எப்போதும் வைத்திருங்கள். மீண்டும் சொல்கிறேன்: எண் குறைந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

சி.பி.சி. பரிசோதனைக்கு முதலில் போக வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம், அங்கே பணம் கட்ட வேண்டியதில்லை. காலை புறநோயாளி நேரத்தில் போங்கள். "மெஷின் வேலை செய்யல, வெளியில எடுத்துக்கோங்க" என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து வேலை செய்யவில்லை என்று கேட்டு, வட்டார மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள், 104 சுகாதார உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பழுது என்ற ஒரு சொல்லில் ஏழைகளைத் தனியார் ஆய்வகத்துக்குத் தள்ளுவதை யாரும் கேட்காததால்தான் அது தொடர்கிறது.

கீமோ போன்ற செலவுகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நோய் வந்தபின் சான்றுக்கு அலையாமல் இப்போதே எடுத்து வையுங்கள்.

தனியார் ஆய்வகமானாலும் மருத்துவமனையானாலும், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இன்படி பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். அது மாட்டியிருக்கிறதா, தாளில் கையெழுத்திட்டவரின் பெயரும் தகுதியும் உண்டா என்று பாருங்கள். உள்நோயாளியாக இருந்தவருக்கு, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவண நகல் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். தராவிட்டால் நாமக்கல்லில் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கு மனு எழுதுங்கள். பரிசோதனைத் தேதியும் பில் எண்ணும் எழுதி, தாளின் நகலை இணைக்க வேண்டும், மூலத்தை யாரிடமும் கொடுக்கக்கூடாது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் அதே மனுவைத் தரலாம், மனு எண் வாங்காமல் கிளம்ப வேண்டாம். காசு கொடுத்துப் பெற்ற சேவையில் தவறு நடந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. அங்கே சான்றாகக் கேட்பது பில்லைத்தான். ஐம்பது ரூபாய் குறைப்பதாகச் சொல்லிப் பில் தராத ஆய்வகத்தில் ரத்தம் கொடுக்காதீர்கள்.