நீலம் வருது, பாருங்க!

குளிர்பதனப் பெட்டியிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டி வெளியே வருகிறது. இன்று எலிசா, ரத்தம் போன்றவற்றில் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தைக் கொண்டு அளக்கும் சோதனை! உயிரியல் ஆய்வகத்தில் இதைவிடக் குதூகலமான நாள் உண்டா? கையுறையை மாட்டுங்கள், உள்ளே புகுந்துவிடலாம்.

முதலில் கதாநாயகர்கள். இரண்டு குண்டுச் சுண்டெலிகளின் சீரம், குட்டிக் குழாய்களில் ஐஸ் மேல் காத்திருக்கிறது. ஒன்று ‘ஓபி’ வகை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் 1949-ல் தானாகத் தோன்றிய மரபணுப் பிறழ்வின் வாரிசு. மற்றது ‘டிபி’; அதே ஆய்வகத்தில் 1960-களில் வெளிப்பட்டது. இரண்டும் ஓயாமல் தின்னும், இரண்டும் உருண்டு திரண்டிருக்கும்.

அங்கே டக்ளஸ் கோல்மன் செய்த சோதனையைக் கேட்டால் இப்போதும் சிலிர்க்கும். ஓபி எலியின் ரத்த ஓட்டத்தை டிபி எலியோடு இணைத்தார். ஓபி தீனியையே தொடாமல் மெலிந்துபோனது! டிபி குண்டாகவே இருந்தது. ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் ஏதோ ஒன்று ஓபியிடம் இல்லை. டிபியிடம் அது ஏராளம், ஆனால் அதன் உடம்பு காது கொடுப்பதில்லை. இப்படித்தான் கோல்மன் ஊகித்தார். 1994-ல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு ஓபி மரபணுவைப் பிடித்தே விட்டது. அதிலிருந்து உருவாகும் புரதம்தான் லெப்டின். கொழுப்புத் திசு அதைச் சுரந்து மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. அதைத்தான் இன்று அளக்கப்போகிறோம்.

இதோ பிளேட்! பல்லாங்குழிப் பலகையை உள்ளங்கைக்குள் சுருக்கியதுபோல, எட்டு வரிசை, பன்னிரண்டு பத்தி, மொத்தம் 96 குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் லெப்டினை மட்டும் கவ்விப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. 25 கிராம் சுண்டெலியின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய இரண்டு மில்லிலிட்டர்தான். அதனால் ஒரு சொட்டு சீரமும் வீணாகக் கூடாது. டிபி சீரத்தைக் கூடுதலாக நீர்க்கச் செய்கிறோம். அதில் லெப்டின் அவ்வளவு அதிகம், அப்படியே ஊற்றினால் அளவுகோலையே தாண்டிவிடும். ஒவ்வொரு சாம்பிளும் இரண்டிரண்டு குழிகளில். சில பத்திகள் ஸ்டாண்டர்டுக்கு: அளவு தெரிந்த லெப்டினைப் படிப்படியாகப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும் வரிசை. கடைசிப் படிகளில் பிக்கோகிராம் கணக்கு, அதாவது ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒன்று!

ஊறவைத்து, கழுவி, இரண்டாவது ஆன்டிபாடியை விடுகிறோம். லெப்டினின் இன்னொரு பக்கத்தை இது பற்றிக்கொள்ளும். இதில் ஓர் அழகான சூட்சுமம்: சுண்டெலி சீரத்தில் சுண்டெலியின் சொந்த ஆன்டிபாடிகளே நிரம்பி வழியும். இரண்டாவது ஆன்டிபாடியும் சுண்டெலியிலிருந்தே வந்து, அதைக் கண்டறியும் பொருள் ‘சுண்டெலி ஆன்டிபாடி எதுவானாலும் பிடி’ என்ற ரகமாக இருந்தால், எல்லாக் குழியும் பொய்யாக நிறமேறிவிடும். அதனால் ஆடு, முயல் போன்ற வேறு பிராணிகளில் உருவான ஆன்டிபாடிகளைத் தேடுவார்கள். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள், பாருங்கள்!

அந்த ஆன்டிபாடியின் முதுகில் பெராக்ஸிடேஸ் என்ற நொதியை ஏற்றுகிறோம். ஒருவகைக் காட்டமான முள்ளங்கிக் கிழங்கிலிருந்து எடுப்பது அது! மறுபடி கழுவல். பிளேட்டைக் கவிழ்த்து, டிஷ்யூ காகிதத்தின் மேல் படார் படார் என்று தட்டல். ஒட்டாமல் தங்கியது எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. இங்கே சோம்பினால் எண்கள் பொய் சொல்லும்.

இப்போது நிறமற்ற டிஎம்பி கரைசல்; நொதி இருக்கும் குழியில் அது நீலமாகும். பிளேட்டை இருட்டில் வைக்கிறோம். சில நிமிடங்கள் கழித்து எட்டிப் பார்த்தால், யாரோ கத்துகிறார்கள்: “நீலம் வருது, பாருங்க!” ஸ்டாண்டர்டு வரிசையில் கருநீலம், நீலம், வெளிர்நீலம் என்று படிக்கட்டு இறங்குகிறது. டிபியின் குழிகள் அத்தனை நீர்த்தும் பளிச்சென்று நீலம். பக்கத்தில் ஓபியின் குழிகள் தண்ணீர் மாதிரி தெளிவாக! கோல்மன் ஊகித்தது கண்ணெதிரே நிறமாக நிற்கிறது.

கந்தக அமிலம் ஒரு சொட்டு. நீலமெல்லாம் சட்டென்று மஞ்சளாகிறது, வினை நின்றுவிடுகிறது. குமிழிகளை ஊசிமுனையால் உடைத்துவிட்டு, ரீடரில் 450 நானோமீட்டர் ஒளியில் படிக்கிறோம். ஒரு குமிழி போதும், ஒளியைச் சிதறடித்து எண்ணைக் கெடுத்துவிடும்.

1971-ல் ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் எலிசாவை வெளியிடும்வரை, இத்தனை நுண்ணிய அளவுகளுக்குக் கதிரியக்கப் பொருளைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அந்த இடத்தை ஒரு நொதியும் கொஞ்சம் நிறமும் எடுத்துக்கொண்டன!

சுண்டெலியோடு கதை முடியவில்லை. மிதமிஞ்சிய பருமனோடு இருந்த இரண்டு குழந்தைகளின் ரத்தத்தில் லெப்டின் மிகமிகக் குறைவாக இருந்ததை 1997-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஓபி எலியின் குறையேதான்! லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் பசி அடங்கி எடை இறங்கியதை 1999-ல் அறிவித்தார்கள். அதுவரை ‘அடக்கமில்லாமல் தின்கிறது’ என்று பழி சுமந்திருக்கக்கூடிய பிள்ளைக்கு, குறை அதன் மனதில் இல்லை, ரத்தத்தில்தான் என்று ஓர் எண் சாட்சி சொன்னது. ஒரு குழிக்குள் இவ்வளவு நியாயம் அடங்கியிருக்கும்போது, ஒரு குமிழியைக்கூட விட்டுவைக்க மனம் வருமா?