மஞ்சளின் பல முகங்கள்

உப்புநீர்த் தொட்டியில் மீன் வளர்ப்போரின் இல்லத்துக்குச் சென்றவர்கள், உள்ளங்கை அகலமே உள்ள, தட்டையான உடல் முழுவதும் வேறெந்த வர்ணத்தின் கலப்புமின்றி எலுமிச்சம்பழ நிறத்தைப் பூசிக்கொண்ட ஒரு மீனைக் கண்டு, பக்கத்திலிருக்கும் வரிமீன்களையும் புள்ளிமீன்களையும் மறந்து அதையே நோக்கி நின்றிருக்கக்கூடும். யெல்லோ டாங் என்று வியாபாரிகள் குறிப்பிடும் இந்த மீனின் ஜன்மபூமி பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே கிடக்கும் ஹவாய்த் தீவுகள். பவளப்பாறையில் படரும் பாசியைக் கொறிப்பதும், பச்சை ஆமைகளின் ஓட்டில் ஒட்டியிருக்கும் பாசியை மேய்ந்து அவற்றுக்குச் சுத்தி செய்து கொடுப்பதுமே அதன் நித்திய தொழில். பார்வைக்குச் சாதுவாகத் தோன்றினாலும், வாலடியில் மடக்கி வைத்த வெண்ணிறக் கத்தி போன்ற முள் ஒன்று அதற்கு உண்டு.

இந்த மஞ்சள் அந்த மீனின் சுயார்ஜிதமன்று என்பதே முதல் விசித்திரம். மஞ்சளுக்கும் செம்மஞ்சளுக்கும் காரணமான கரோட்டினாய்டுகளைத் தாவரங்களும் பாசிகளும் ஆக்கிக்கொள்ளுமேயன்றி மீன்கள் ஆக்கமாட்டா. தின்ற பாசியிலிருந்து பெற்றுத் தோலில் சேர்த்துக்கொள்வதோடு சரி. ஆகவே சத்தில்லாத தீனி போடும் எஜமானனிடம் அகப்பட்ட மீன் நாளடைவில் வெளிறிப்போகிறது. இரவிலோ, நல்ல ஆரோக்கியமுள்ள மீன்கூடத் தன் பிரகாசத்தைக் குறைத்துக்கொண்டு, பக்கவாட்டில் பழுப்புத் திட்டும் வெண்பட்டையும் காட்டும். புதிதாக வளர்ப்போர் இதை வியாதி என்று எண்ணிக் கலங்குவதுண்டு.

இத்தனை பகிரங்கமான நிறம் எதற்காக? ஆஸ்திரிய விஞ்ஞானி கொன்ராட் லோரன்ஸ், 1963-இல் வெளிவந்த தம் நூலில், பவளப்பாறை மீன்களின் பளிச்சென்ற வர்ணங்கள் சுவரொட்டி விளம்பரங்களைப் போன்றவை என்றும், தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றை நோக்கி ‘இது என் எல்லை, விலகிப் போ’ என்று எச்சரிப்பவை என்றும் எழுதினார். தொட்டிக்குள் ஒன்றையொன்று துரத்தித் தாக்கும் மஞ்சள் மீன்களைப் பார்த்தால் அவர் கூற்று மெய்யென்றே தோன்றும். ஆனால் ஹவாய்க் கடலில் இவை பெருங்கூட்டமாகச் சேர்ந்து மேய்வதைப் பார்த்தவர்களுக்கு அத்தனை நிச்சயம் ஏற்படாது. ஆஸ்திரேலியாவில் மீன்களின் பார்வையை ஆராய்ந்த ஜஸ்டின் மார்ஷல் வேறொரு கோணத்தைக் காட்டினார். நம் கண்ணைப் பறிக்கும் மஞ்சள், வேறு வகைக் கண்ணுடைய மீன்களுக்குத் தூரத்திலிருந்து பார்க்கையில் பவளப்பாறையின் பொதுவான நிறத்தோடு ஒன்றிப்போகக்கூடும் என்பது அவர் கருத்து. ஒருவனுக்குக் கூக்குரலாகக் கேட்பது மற்றவனுக்கு மௌனமாகவே இருந்துவிடலாம் என்று இதிலிருந்து ஏற்படுகிறது. மனிதர்கள் இந்த நிறத்துக்குக் கற்பித்துக்கொண்ட அர்த்தங்களை ஆராயப் புகுந்தாலும், நிறத்தைவிடப் பார்ப்பவனைப் பற்றியே அதிகம் தெரியவருகிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்த மீனின் தேசத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் கிடைக்கிறது. ஹவாய்ப் பெருந்தீவின் மேற்குக் கரையிலுள்ள கேயலகெகுவா விரிகுடாவில் மஞ்சள் மீன்கள் ஏராளம். 1779 ஜனவரியில், அதே கரையில், கலானியோபுவு என்ற அரசர் தம் தோளில் கிடந்த, சிவப்பும் மஞ்சளுமான இறகுப் போர்வையைக் கழற்றி, இங்கிலாந்திலிருந்து வந்த காப்டன் ஜேம்ஸ் குக்கின் தோளில் போர்த்தினார்; மறுமாதமே குக் அங்கே கைகலப்பில் உயிரிழந்தது வேறு கதை. பாலினீசியத் தீவுகளில் தெய்வத்துக்கும் அரசனுக்கும் உரியதாகத் தொன்றுதொட்டு மதிக்கப்பட்ட நிறம் சிவப்பு. ஹவாயில் மட்டும் மஞ்சள் அதை மிஞ்சியது. காரணத்தில் வேதாந்தம் ஏதுமில்லை: சிவப்பிறகு தரும் பறவைகள் தாராளமாக இருந்தன, மஞ்சள் இறகோ, ‘மாமோ’, ‘ஓ-ஓ’ என்ற கறுப்புப் பறவைகளின் உடலில் அங்கொரு சிறு கற்றை, இங்கொரு சிறு கற்றை என்ற அளவில்தான் கிட்டியது. கிளைகளில் பிசின் தடவிப் பறவை பிடிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததைக் கொண்டுதான் ஒரு போர்வை முடியும். தீவுகளனைத்தையும் 1810-இல் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த கமேஹமேஹா மன்னரின் மஞ்சள் போர்வை ஹொனலூலுவின் பிஷப் மியூசியத்தில் இருக்கிறது. அதற்குச் சுமார் 4,50,000 இறகுகளும், அவற்றைத் தர ஏறத்தாழ 80,000 பறவைகளும் வேண்டியிருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கரைக்கு அப்பால், நீருக்கடியில், அதே நிறம் யாருடைய மரியாதையையும் எதிர்பாராமல் ஆயிரக்கணக்கில் பாசி மேய்ந்துகொண்டிருந்தது! பின்னாளில் அந்த மீனுக்கும் அருமை வந்தது. சுற்றுச்சூழல் ஆய்வின்றி மீன்பிடி உரிமம் வழங்கலாகாது என்று ஹவாய் உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்து, நாளடைவில் பிடிப்பு நின்றபோது, சாதாரண விலைக்கு விற்ற மீன் பன்மடங்கு விலையேறியது.

சீனத்தில் இதே காரியத்தை அருமை செய்யவில்லை, ஆக்கினை செய்தது. ஐம்பூதங்களில் மண்ணுக்கும், திசைகளில் மையத்துக்கும் உரியது மஞ்சள் என்று கொண்ட அத்தேசத்தில், சிங் வம்சத்தார் ஒளிமஞ்சள் ஆடையைச் சக்கரவர்த்தியின் குடும்பத்துக்கென்றே ஒதுக்கிவைத்தனர். பீகிங் அரண்மனைக் கூரைகளின் மஞ்சள் ஓடுகளை இன்றும் பார்க்கலாம்.

ஐரோப்பாவுக்குச் சென்றாலோ மஞ்சளின் கதி பரிதாபம். அங்கே ஒளிக்கும் மகிமைக்கும் அடையாளமாக இருக்கவேண்டிய கௌரவத்தையெல்லாம் தங்கம் கைப்பற்றிக்கொண்டபடியால், வெறும் மஞ்சளுக்குப் பொறாமையும் துரோகமுமே எஞ்சின என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மிஷெல் பாஸ்தூரோ சொல்கிறார். இத்தாலியின் பாதுவா நகரத் தேவாலயத்தில் ஜியோத்தோ 1305-ஐ ஒட்டித் தீட்டிய சுவரோவியத்தில், முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கும் யூதாஸின் மஞ்சள் அங்கி இயேசுவை ஏறக்குறைய மூடிவிடுகிறது. சித்திரத்தோடு நின்றிருந்தால் பாதகமில்லை. 1269-இல் பிரான்சின் ஒன்பதாம் லூயி மன்னர், யூதர்கள் மஞ்சள் வட்டம் ஒன்றை மேலாடையில் தைத்துக்கொள்ள வேண்டுமென்று உத்தரவிட்டார். 1941 செப்டம்பரில் ஹிட்லரின் ஜெர்மனி, ஆறு வயது நிரம்பிய யூதக் குழந்தை முதல் அனைவருக்கும் மஞ்சள் நட்சத்திரத்தைக் கட்டாயமாக்கியது. இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஆறரை நூற்றாண்டுகளை எண்ணிப் பார்க்கையில், ஒரு நிறத்தைக் கொடுமைக்குக் கருவியாக்க மனிதனுக்குப் புதுக் கற்பனைகூடத் தேவைப்படவில்லை என்பது புலனாகிறது.

நம்மவர் வீட்டில் இந்தச் சந்தேகங்கள் எழுவதில்லை. கல்யாணப் பத்திரிகையின் மூலையில் தடவுவதும், தாலிச் சரட்டில் ஊறியிருப்பதும் மஞ்சள். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பின் காரம் பட்டதும் அது சிவப்பாக மாறும் ரசாயனத்தை நம் பாட்டிமார் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. ஆயினும், கடன் தாளாமல் கோர்ட்டுக்குப் போனவன் ‘மஞ்சள் கடுதாசி’ கொடுத்துவிட்டான் என்று அதே வீட்டுத் திண்ணையில்தான் பேசிக்கொள்கிறோம். அவதூறு எழுதிப் பிழைக்கும் ஏடு மஞ்சள் பத்திரிகையானது மட்டும் இறக்குமதிச் சரக்கு: 1890-களில் நியூயார்க்கில் புலிட்சரும் ஹெர்ஸ்டும் பத்திரிகைப் போட்டியில் இறங்கியபோது, மஞ்சள் அங்கி தரித்த ஒரு கேலிச்சித்திரச் சிறுவனுக்காக இருவரும் அடித்துக்கொண்டதில் பிறந்த பெயர் அது.

கப்பற்காரர்களின் வழக்கம் இன்னும் வேடிக்கையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலொன்று மஞ்சள் கொடியோடு துறைமுகத்தை நெருங்கினால், அதில் கொள்ளைநோய் இருக்கக்கூடும் என்று அஞ்சிக் கரையிலுள்ளோர் விலகிப்போவார்கள். இப்போது சர்வதேச சமிக்ஞை முறையில் அதே மஞ்சள் கொடிக்கு, ‘என் கப்பலில் அனைவரும் சுகம், கரையோடு தொடர்புகொள்ள அனுமதி வேண்டுகிறேன்’ என்று பொருள். அயல்நாட்டிலிருந்து வரும் கப்பல்கள் சுகாதார அனுமதி கிடைக்கும்வரை அதை ஏற்றிவைத்துக் காத்திருக்கின்றன.